ஆண்டெனா அனலைசரில் எஸ்டபிள்யூஆரைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் வாங்கியவர்கள் ஆண்டெனாவை அளக்கும் அனலைசரைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது "எஸ்டபிள்யூஆர் எவ்வளவு காட்டுது?" என்பதைத்தான். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம் அது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. அந்த ஒரே எண்ணைத் துரத்திப் போய் நல்ல ஆண்டெனாக்களை வெட்டிக் குட்டையாக்கியவர்கள் நிறைய. சக்தியை வெறும் வெப்பமாக மாற்றும் 50 ஓம் டம்மி லோடு ஒன்றை மாட்டிப் பாருங்கள், எஸ்டபிள்யூஆர் 1 என்று அழகாக வரும். ஆனால் அதை வைத்துப் பக்கத்து ஊருக்குக்கூடப் பேச முடியாது. அனலைசர் தரும் ஆர் (மின்தடை), எக்ஸ் (ரியாக்டன்ஸ், அதாவது சுருள் அல்லது மின்தேக்கி போல நடந்துகொள்ளும் பகுதி) என்ற இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்தால் எதை மாற்ற வேண்டும் என்பது தானாகப் புரியும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் 40 மீட்டர் பேண்டுக்கான இன்வெர்ட்டட் வீ (தலைகீழ் 'வி' வடிவ) டைபோல். நடுவில் ஒரு ஜிஐ பைப், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் வீட்டு வயரிங் கம்பி, கீழே ஆர்ஜி-58 கேபிள். கருவி நானோவிஎன்ஏ எச்4. ஜப்பானில் எடி555 என்ற புனைபெயர் கொண்டவர் வடிவமைத்த கருவியின் வழிவந்தது இது. 2019 வாக்கில் சீனாவிலிருந்து மலிவாக வரத் தொடங்கியதும் எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. உங்களிடம் வேறு அனலைசர் இருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் பாதுகாப்பு. ஆண்டெனாவைக் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மின்வாரியக் கம்பி போகிறதா என்று பாருங்கள். கம்பி அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும். இடி தூரத்தில் கேட்டால்கூட அன்றைக்கு அளக்க வேண்டாம். நீளமான கம்பியில் காற்றாலும் மேகத்தாலும் நிலை மின்சாரம் சேரும், அது அனலைசரின் உள்ளீட்டை ஒரே நொடியில் கெடுத்துவிடும். கேபிள் நுனியில் நடு ஊசியையும் வெளிக்கூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கணம் சேர்த்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள். அனலைசர் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஆண்டெனாவில் யாரும் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது. வீட்டில் யாராவது கையில் வாக்கி டாக்கி வைத்திருந்தால் வாங்கி அணைத்துவிடுங்கள்.

சரி, காலிபரேஷனுக்கு, அதாவது அளவு தெரிந்த பொருள்களை மாட்டிக் கருவியைச் சரிசெய்வதற்கு, வருவோம். கடையிலிருந்து வந்த கருவி 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் 101 புள்ளிகள் போடும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 9 மெகாஹெர்ட்ஸ். நம் 40 மீட்டர் பேண்டோ 7.000 முதல் 7.200 வரை, மொத்தமே 200 கிலோஹெர்ட்ஸ்தான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பேண்ட் முழுவதும் காணாமல் போய்விடும். ஆகவே முதலில் ஸ்டார்ட் 6.5, ஸ்டாப் 7.7 என்று கொடுங்கள். இப்போது 12 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி விழும், அது போதும். அதற்குப் பிறகுதான் காலிபரேஷன். வரிசையை மாற்றினால், கருவி பழைய திருத்தத்தை நடுநடுவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். திரையின் இடது ஓரத்தில் இருக்கும் 'சி' என்ற ஆங்கில எழுத்து பெரிதாக இல்லாமல் சிறிதாக மாறினால் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓப்பன், ஷார்ட், லோடு என்று மூன்று சின்னக் கனெக்டர்கள் பெட்டியில் வந்திருக்கும். ஒவ்வொன்றாக மாட்டி அதற்குரிய பொத்தானைத் தொட்டு, டன் கொடுத்து, சேமித்துவிடுங்கள். ஆண்டெனா அளக்க ஒரு போர்ட்தான் தேவை என்பதால் ஐசொலேஷனும் த்ரூவும் வேண்டாம். எஸ்எம்ஏ கனெக்டரை மாட்டும்போது நட்டை மட்டும் திருக வேண்டும், உடம்பைத் திருகினால் நடு ஊசி தேயும். ஆர்ஜி-58 மாதிரி விறைப்பான கேபிளை நேராகக் கருவியில் தொங்கவிடாதீர்கள். ஒரு சாண் நீளத்தில் ஆர்ஜி-316 மெல்லிய கேபிள் ஒன்றை நிரந்தரமாகக் கருவியில் விட்டு, அதன் மறுமுனையில் காலிபரேஷன் செய்யுங்கள். முடித்ததும் லோடை மறுபடி மாட்டி எஸ்டபிள்யூஆர் 1.0 ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஆண்டெனா பக்கம் போகவே வேண்டாம்.

இனி விஷயத்தின் மையம். எஸ்டபிள்யூஆர் 2 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆர் 25 ஓம், எக்ஸ் பூஜ்யமாக இருக்கலாம். ஆர் 100, எக்ஸ் பூஜ்யமாக இருக்கலாம். ஆர் சரியாக 50 இருந்து எக்ஸ் 35 ஆகவும் இருக்கலாம். மூன்றுக்கும் எஸ்டபிள்யூஆர் 2தான், மருந்து மட்டும் வேறு வேறு. கம்பியின் நீளத்தைத் தொட்டுத் தீர்க்கக்கூடியது மூன்றாவது மட்டுமே. டைபோலின் ஃபீட் பாயின்டில் (கேபிள் சேரும் இடத்தில்) எக்ஸ் கூட்டல் குறியோடு வந்தால் அந்த அலைவரிசைக்குக் கம்பி நீளம் அதிகம், கழித்தல் குறியோடு வந்தால் நீளம் போதவில்லை. எக்ஸ் பூஜ்யத்தைக் கடக்கும் இடம்தான் ரெசனன்ஸ். அங்கே ஆர் 50இலிருந்து விலகியிருந்தால், இன்வெர்ட்டட் வீயின் உயரத்தையோ கைகளுக்கு நடுவே உள்ள கோணத்தையோதான் மாற்ற வேண்டும். நேராகக் கட்டிய டைபோல் தடையில்லாத வெட்டவெளியில் 73 ஓம் அளவில் நிற்கும், கைகளைச் சரிக்கச் சரிக்க அது குறையும். பழைய அனலைசர்கள் சிலவற்றில் எக்ஸின் அளவு மட்டும் தெரியும், குறி தெரியாது. அவற்றில் அலைவரிசையைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். எக்ஸ் கூடினால் கூட்டல் பக்கம், குறைந்தால் கழித்தல் பக்கம்.

இப்போது கணக்கு. மீட்டரில் டைபோலின் முழு நீளம் வேண்டுமென்றால் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கிறோம். 7.1க்கு 20.14 மீட்டர், ஒரு கைக்கு 10.07. இது வெறும் கம்பிக்கு. பிவிசி உறை போட்ட வயரிங் கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால் இதைவிடக் குட்டையாகவே தேவைப்படும். இருந்தாலும் ஒரு கைக்கு 10.40 வைத்தே தொடங்குங்கள், குறைப்பது எளிது. கட்டி ஏற்றியதும் எக்ஸ் 6.72 மெகாஹெர்ட்ஸில் பூஜ்யத்தைக் கடக்கிறது என்றால், 10.40ஐ 6.72ஆல் பெருக்கி 7.10ஆல் வகுங்கள். 9.84 வரும். அதாவது ஒவ்வொரு பக்கமும் 56 சென்டிமீட்டர் குறைய வேண்டும். ஒரே மூச்சில் 56ஐயும் எடுக்காமல் முதலில் 50 எடுங்கள். எடுப்பது என்றால் வெட்டுவதில்லை: நுனியை மடக்கி, கம்பியோடு ஒட்டிப் படியும்படி வைத்து டேப் சுற்றுங்கள். மடக்கிய வால் தனியாகத் தொங்கினால் கணக்கு கெடும். இரண்டு கையும் சம அளவில் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆண்டெனாவைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டே அளக்க வேண்டும். கீழே இறக்கி வைத்து அளந்த எண், தரைக்கும் மாடிச் சுவருக்கும் சொந்தமானது.

7.000இலும் 7.200இலும் எஸ்டபிள்யூஆர் 1.5க்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். 1.5இல் திரும்பி வரும் சக்தி 4 சதவீதம், டெசிபலில் 0.2கூட இல்லை. மறுமுனையில் கேட்பவரின் காது அந்த வித்தியாசத்தை உணரவே உணராது.

அளந்துகொண்டிருக்கும்போது கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். எண் ஆடினால் கேபிளின் வெளிவலையும் ஆண்டெனாவாக வேலை செய்கிறது. ஃபீட் பாயின்டில் வெளிவலையின் மேல் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் 1:1 கரன்ட் பாலன் போட்டு, எண் அசையாமல் நின்ற பிறகே நீளத்தைத் தொடுங்கள்.

ஒரு பெரிய கேள்வி மிச்சமிருக்கிறது. கருவி கீழே அறையில், ஆண்டெனா மேலே. நடுவில் இருக்கும் கேபிள் ஆரையும் எக்ஸையும் உருமாற்றிவிடும். கீழே எக்ஸ் பூஜ்யம் என்றால் மேலேயும் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. இதற்கு வழி இரண்டு. கேபிளை அரை அலை நீளத்துக்கு வெட்டினால், மேலே இருப்பதை அது கீழே அப்படியே காட்டும். 7.1க்கு 150ஐ 7.1ஆல் வகுத்து, ஆர்ஜி-58இன் வேக விகிதம் 0.66ஆல் பெருக்கினால் 13.94 மீட்டர். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: கேபிளின் மேல் நுனியிலேயே ஓப்பன், ஷார்ட், லோடு செய்துவிடுவது. அப்போது கேபிள் கணக்கிலிருந்தே விலகிவிடும். கேபிள் நுனியில் இருக்கும் பிஎல்-259 கனெக்டருக்கு ஏற்ற 50 ஓம் லோடு இல்லையென்றால் இரண்டு 100 ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை இணையாகச் சேர்த்து, கால்களை ஒட்ட வெட்டி, ஒரு எஸ்ஓ-239 சாக்கெட்டில் பற்றவைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்கள்தான். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இது தாராளம், இரண்டு மீட்டர் பேண்டுக்கு இதை நம்ப வேண்டாம்.

இரண்டு மீட்டர் என்றதும் கேபிள் இழப்பைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எஸ்டபிள்யூஆர் துணிந்து பொய் சொல்லும். 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 ஏறக்குறைய 4 டெசிபல் தின்னும். மேலே ஆண்டெனாவின் எஸ்டபிள்யூஆர் 3 என்றால், போகும்போது 4, வரும்போது 4 என்று திரும்பும் அலை தேய்ந்து, கீழே 1.5 என்று காட்டும். பார்ப்பவருக்கு மகிழ்ச்சிதான். அதே கேபிளில் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் நுனியோடு அளந்தால்கூட 2.3 வாக்கில்தான் வரும். உங்கள் கேபிளின் இழப்பைத் தெரிந்துகொள்ள இதையே பயன்படுத்தலாம். மேல் நுனியைத் திறந்து விட்டு ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் அலை எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்ற எண்) பாருங்கள், அதில் பாதி ஒருவழி இழப்பு. 8 டெசிபல் காட்டினால் இழப்பு 4, மேலே போகும் சக்தி பாதிக்கும் குறைவு. நல்ல கேபிளுக்குச் செலவழிப்பது பெரிய ரேடியோ ரிக்குக்குச் செலவழிப்பதைவிட மேல் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அறுந்த கேபிளில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் இதே கருவி உதவும். நுனி திறந்த கேபிள், அதன் நீளம் கால் அலையாக வரும் அலைவரிசையில் ஷார்ட் ஆனது போல ஆர் ஏறக்குறைய பூஜ்யம், எக்ஸ் பூஜ்யம் என்று காட்டும். 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கி முதல் முறை அப்படி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் ஆர்ஜி-58 என்றால் அது 1.98இல் வர வேண்டும். 4.95இல் வந்தால் 75ஐ 4.95ஆல் வகுத்து 0.66ஆல் பெருக்குங்கள்: கருவியிலிருந்து 10 மீட்டரில் கேபிள் விட்டுப் போயிருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஒரு ஜாயின்ட் இருக்கும். டேப்பை உரித்தால் உள்ளே வலை கறுத்துப் போய், ஓரங்களில் பச்சை பூத்து, விரலால் தொட்டாலே பொடியாக உதிரும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நோட்டில் தேதி, வானிலை, 7.000, 7.100, 7.200 மூன்றிலும் ஆர், எக்ஸ், எஸ்டபிள்யூஆர், கூடவே கேபிளின் ரிட்டர்ன் லாஸ் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி அளந்தால் நனைந்த கம்பியில் ரெசனன்ஸ் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். வெயில் அடித்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டால் எதையும் தொட வேண்டாம். வெயில் வந்த பிறகும் எஸ்டபிள்யூஆர் கோடு முன்பைவிடத் தட்டையாகி, பேண்டுக்கு வெளியேயும் நல்ல எண்ணாகக் காட்டினால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேபிளுக்குள் தண்ணீர் போய் இழப்பு கூடியிருக்கிறது. மேல் நுனியைக் கழற்றி ரிட்டர்ன் லாஸ் எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். எண் ஏறியிருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை கேபிளை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். அப்படி ஓர் இடமே கிடைக்கவில்லை என்றால் கேபிளை முழுவதுமாக மாற்றுங்கள். புதிய கனெக்டரின் மேல் முதலில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும்.