சொல்லாமல் விட்ட நன்றியும் தள்ளிப்போட்ட அழைப்பும்

நட்பு பெரும்பாலும் சண்டையால் முறிவதில்லை. "அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று நாள் கடத்துவதால்தான் அது மெல்லத் தேய்ந்து போகிறது. அழைக்க நினைத்து வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு, பிறகு "இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு பேசுவது" என்ற கூச்சத்தால் பேச்சே நின்றுபோன உறவுகள் நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்றாவது இருக்கும். ஆகவே நட்பைப் பேண விரும்புபவர் முதலில் தாண்ட வேண்டியது அந்தக் கூச்சத்தைத்தான்.

ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதுங்கள். மூன்றே போதும், பத்துப் பெயர்களை எழுதிவைத்தால் ஒருவரையும் அழைக்க மாட்டோம். அவர்களுள் ஒருவருக்கு இன்றே நான்கு வரி எழுதி அனுப்புங்கள். நீண்ட மன்னிப்போடு தொடங்க வேண்டாம். அது பதில் எழுத வேண்டியவர் மீது சுமையை ஏற்றிவிடும். "பழைய குறிப்பேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு முந்தின நாள் நீ ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொடுத்த சூத்திரம் கண்ணில் பட்டது. எப்படி இருக்கிறாய்?" என்று, நினைவு வந்த காரணத்தையே முதல் வரியாக வைத்தால், அது வெறும் சம்பிரதாய விசாரிப்பு அல்ல என்பது படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். 2022இல் பெக்கி லியூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய விசாரிப்பு பெறுபவரை எவ்வளவு மகிழ்விக்கும் என்பதை அனுப்புபவர்கள் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. திடீரென்று எழுதினால் என்ன நினைப்பாரோ என்று நாம் தயங்குகிறோம்; அவருக்கோ அந்தத் திடீர்த்தன்மையே இன்பமாக இருக்கிறது.

புதிய நட்புக்கு வேண்டியது நேரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டால் 200 மணி நேரத்துக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். சில மாதங்களில் ஒட்டவில்லையே என்று கைவிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வசதிப்படும்போது சந்திக்கலாம் என்று விடாமல், கிழமையையும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

நன்றி விஷயத்தில் நாம் செய்யும் தவறு வேறு. சொல்லாமல் இருப்பதில்லை, பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது, நண்பர் ஒருவர் இரண்டு இரவுகள் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே விழித்திருந்து, என்னைத் தூங்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அவர் கிளம்பும்போது "ரொம்ப நன்றி" என்று மட்டும் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், அந்த இரவுகளில் தூங்கியதால் மூன்றாம் நாள் மருத்துவர் சொன்னதைத் தெளிவாகக் கேட்டு முடிவெடுக்க முடிந்தது என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். அதைப் படித்த அன்றே அழைத்தார். அழைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டு ஆண்டு தாமதம் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எனவே நன்றி சொல்லும்போது மூன்றைச் சொல்லுங்கள்: அவர் என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், அதனால் உங்களுக்கு என்ன மாறியது. நேரில் நாக்கு எழவில்லையென்றால் எழுதுங்கள். நடை அழகாக இருக்கிறதா என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு மீறி அஞ்சியதும், அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைத்து எண்ணியதும் தெரியவந்தன. நன்றிக் குறிப்பேடு வைத்துக்கொள்பவர்கள் வாரம் ஒருமுறை எழுதினாலே போதும் என்பது என் கருத்து. நாள்தோறும் எழுதினால் விரைவில் அதே நான்கு வரிகள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கிவிடும்.

கனிவு என்றதும் துன்பத்தில் உதவுவதே நினைவுக்கு வருகிறது. ஆனால் நல்ல செய்தியோடு வருபவரை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியமானது. "வேலை கிடைத்துவிட்டது" என்று ஒருவர் சொல்லும்போது, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லது" என்பது ஒரு வகை. நிமிர்ந்து பார்த்து, "எப்போது தெரிந்தது? முதலில் யாரிடம் சொன்னாய்?" என்று கேட்பது இன்னொரு வகை. அவர் அந்த மகிழ்ச்சியை இன்னொருமுறை வாழ்ந்து பார்க்க அந்தக் கேள்விகள் வழிவிடுகின்றன.

துன்பத்தில் இருப்பவரிடம் "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பது நல்ல மனத்தோடு சொல்லப்படும் சொல்தான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்கும் வேலையை அது அவரிடமே விட்டுவிடுகிறது. "வியாழக்கிழமை மாலை குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓய்வெடு" என்று குறிப்பாகச் சொன்னால் அவர் தலையசைத்தால் போதும். செய்ததைக் கணக்கு வைக்காதீர்கள். அதே சமயம், உங்களால் இயலாத நாளில் "இன்று முடியவில்லை, சனிக்கிழமை வருகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டு செய்யும் உதவி இருவருக்கும் கசப்பையே தரும்.

நீங்கள் எழுதிய நான்கு வரிக்குப் பதில் வராமலும் போகலாம். அவர் எந்த நிலையில் இருக்கிறாரோ நமக்குத் தெரியாது. ஏன் பதில் இல்லை என்று கேட்காமல் ஓரிரு மாதங்கள் பொறுத்து, இன்னொரு நினைவோடு இன்னொருமுறை எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை அவர் போக்கில் விட்டுவிட்டு, தாளில் இருக்கும் அடுத்த பெயருக்குச் செல்லுங்கள்.