நெல்லுல இலைச்சுருட்டுப் புழுவா? மருந்து டப்பாவ கொஞ்சம் கீழ வைங்க
செங்கோட்டை பக்கம் கார் சாகுபடியில (ஜூன் வாக்குல தொடங்குற நெல் பருவம்) சாரல் விடாம தூறி வெயிலே இல்லாம இருந்தா, இவன் கண்டிப்பா வருவான். முதல்ல வயல்ல நடக்கும்போது காலடியில மஞ்சளா சின்ன அந்துப்பூச்சி எழும்பி எழும்பி உக்காருதான்னு பாருங்க, ஒரு சென்டிமீட்டர் இருக்கும், றெக்கையில கருப்பா நெளிநெளி கோடு, ஓரத்துல கருப்பு பட்டை.

அடுத்து, குழல் மாதிரி மடிஞ்சிருக்கிற ஒரு இலைய மெதுவா பிரிங்க. உள்ள வெளிர்பச்சைப் புழு, தொட்டா துள்ளி பின்னாடி ஓடும். இலைய தைக்கிறது அது வாயிலருந்து விடுற பட்டு நூல்தான். பச்சையத்த மட்டும் சுரண்டித் தின்னும், அதான் வெள்ளை வெள்ளையா கோடு.

தூர் கட்டுற (பக்கக் கிளை விடுற) பருவத்துல நூத்துக்கு பத்து இலை சேதம், கண்ணாடி இலை (கதிருக்கு முன்ன வர்ற கடைசி இலை) வந்தப்புறம் அந்த இலையில நூத்துக்கு அஞ்சு, அதத் தாண்டினாதான் மருந்து. அவசரப்பட்டு அடிச்சா பூச்சிய பிடிச்சுத் தின்ற சிலந்தியும் சேர்ந்து செத்து புழு ஜாஸ்தியாகும் (நான் பட்ட பாடு இது). மருந்துக்கு முன்ன முள்ளுக்கொத்த கயித்துல கட்டி பயிர் மேல இழுங்க, சுருள் பிரிஞ்சி புழு தண்ணியில விழும்.

டிரைக்கோகிரம்மாங்கிற குட்டிக் குளவி வளர்ற முட்டை அட்டை ஏக்கருக்கு 2 சிசி (முட்டைய அளக்குற கன சென்டிமீட்டர் கணக்கு), நட்ட 37, 44, 51வது நாள்ல சாயங்காலமா கட்டுங்க. அந்த குட்டிக் குளவி அந்துப்பூச்சி முட்டைக்குள்ளயே தன் முட்டைய வச்சிரும், புழு பொரியவே பொரியாது. அட்டை கட்டியிருக்கப்ப மருந்து அடிச்சா குளவியும் காலி.

அப்புறம் யூரியா. பயிர் கருகருன்னு இருக்கணும்னு அள்ளிக் கொட்டாதீங்க, அந்த இளசு இலைதான் அதுக்கு விருந்து, மூணு தடவையா பிரிச்சுப் போடுங்க.