குருத்தோலை முதல் புதுத்தீ வரை: கடலோரப் பங்கில் புனித வாரத்துக்கு ஆயத்தமாவது எப்படி

பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி அந்தப் பக்கம் மூக்கையூர், இந்தப் பக்கம் தொண்டி வரை எந்தக் கடலோரக் கத்தோலிக்கப் பங்கை எடுத்தாலும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் வாசகமும் பாட்டும் தடுமாறுவது குறைவு. அவற்றுக்குப் பல நாள் பழகியிருப்பார்கள். தடுமாற்றம் வருவது ஓலையில், தண்ணீரில், தீயில், காற்றில். இந்த நான்கையும் கவனிக்க வேண்டியது பங்குப்பேரவையும் குடும்பக் குழுக்களான அன்பியங்களும்தான். கடைசி நாளில் ஆலயப் பணிகளைப் பார்க்கும் உபதேசியார் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதைப் போல் தவறு வேறில்லை.

முதலில் தேதி

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). அதனால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கும் விழலாம். 2027இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, குருத்து ஞாயிறு மார்ச் 21, உயிர்ப்பு மார்ச் 28. 2028இல் உயிர்ப்பு ஏப்ரல் 16.

தேதி தெரிந்ததும் அதைக் கடல் நாட்காட்டியோடு ஒட்டிப் பாருங்கள். ராமேஸ்வரம் பக்கம் வடகடலில் (பாக் நீரிணையில்) விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போவதும் மற்ற நாட்களில் நாட்டுப்படகுகள் போவதும் நெடுநாள் ஏற்பாடு. திருநீற்றுப் புதன் விசைப்படகு போகும் நாள். உயிர்ப்புக்கு முந்தின பாஸ்கா இரவு வரும் புனித சனியும் அப்படியே. புதன்கிழமை டோக்கன் வாங்கப் போகும் முன் நெற்றியில் சாம்பல் பூச வேண்டுமென்றால் காலை 5 மணித் திருப்பலி ஒன்று கட்டாயம் வேண்டும். புனித சனியன்று கடலுக்குப் போவதா இல்லையா என்பதைக் குருத்து ஞாயிறுக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசினால் பாதிப் பேர் டீசல் போட்டிருப்பார்கள்.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2028இல் தடை தொடங்குவதே புனித சனியன்று. ஆள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அந்த ஆண்டு பங்குக்கான வீட்டு வரியையும் நன்கொடையையும் மார்ச்சிலேயே முடித்துக்கொள்வது நியாயம்.

கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவும் அண்மை ஆண்டுகளில் தவக்காலத்துக்குள்தான் வருகிறது. அந்த வெள்ளியன்று பங்கின் பாதி படகில் இருக்கும். ஊரில் தங்கும் முதியவர்களுக்குச் சிலுவைப்பாதை நடத்த ஒருவரை முன்பே குறித்து வையுங்கள்.

சாம்பல்

போன ஆண்டுக் குருத்தோலைகளைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் ஆலய வாசலில் பெட்டி வைத்துச் சேகரியுங்கள். 500 பேருக்கு 2 கிலோ காய்ந்த ஓலை தாராளம். எரிக்குமுன் நைலான் நூல், ரிப்பன், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கலந்தால் சாம்பல் பிசுபிசுக்கும், தோலையும் அரிக்கும்.

இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரித்து, தீ தணியும் நேரத்தில் மூடி போட்டு அமுக்குங்கள். மூடாமல் முழுக்க எரியவிட்டால் வெளிறிய சாம்பல்தான் மிஞ்சும், நெற்றியில் தெரியாது. மூடி அமுக்கினால் கரியோடு கறுப்பாக நிற்கும். ஆறியபின் அம்மியில் நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலியுங்கள்.

முந்தின இரவே தண்ணீர் ஊற்றிக் குழைத்து வைக்கவே கூடாது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்து ஊறினால் காரம் இறங்கும். குழந்தைகளின் நெற்றி எரிந்து சிவந்துபோகும். பொடியாகவே வைத்து, மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தத்தோடு விட்டுவிடுங்கள். ஒட்டவில்லை என்றால் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும்.

வெள்ளிக்கிழமைக் கஞ்சி

சிலுவைப்பாதை முடிந்து கஞ்சி ஊற்றும் வழக்கம் உள்ள பங்குகளுக்கு, 100 பேருக்கான கணக்கு இது: புழுங்கல் குருணை 4 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, தண்ணீர் 40 லிட்டர், தேங்காய் 8, சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு கால் கிலோ, இஞ்சி 100 கிராம், வெந்தயமும் சீரகமும் 50 கிராம் வீதம். உப்பு முதலில் 300 கிராம் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். ஆளுக்கு 400 மில்லி வரும்.

இங்கே பெரும்பாலும் கெடுப்பது தண்ணீர். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் பருப்பு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் முழுப்பருப்பாகவே மிதக்கும். கஞ்சிக்கு நல்ல தண்ணீர் தனியாக வாங்கி மூடி வையுங்கள், பாத்திரம் கழுவ மட்டும் உவர்த்தண்ணீர். பருப்பை முதலில் வேகவிட்டு, மசிந்தபின்பே குருணையைப் போடுங்கள். அடி பிடித்துவிட்டால் துடுப்பால் சுரண்டாதீர்கள். மேலாக உள்ளதை வேறு அண்டாவுக்கு மாற்றுங்கள், தீய்ந்த வாடை ஏறாது. தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்தபின் ஊற்ற வேண்டும், கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும்.

பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாத்தில் அண்டா இரவல் வாங்கும் ஊர்கள் கவனிக்க: 2027இல் ரமலான் பிப்ரவரி இரண்டாம் வாரம் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரம் வரை வருகிறது. அங்கே தினமும் நோன்புக்கஞ்சி காய்ச்சுவார்கள். அந்த வாரங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுங்கள்.

குருத்தோலை

ராமநாதபுரத்துக் கரையில் குருத்து என்றால் பனங்குருத்துதான். பங்குனி பதநீர்க் காலம். பனையேறிகள் காலையும் மாலையும் மரத்தில் இருப்பார்கள், ஓய்வு நடுப்பகலில் மட்டுமே. ஆகவே இரண்டு வாரம் முன்பே சொல்லி, கூலியும் பேசி வையுங்கள். பாளை சீவும் மரத்தில் குருத்து கேட்காதீர்கள். வடலியில் (இளம்பனையில்) எடுப்பதே நல்லது: ஓலை மிருது, ஏறும் வேலையும் குறைவு. ஒரு மரத்துக்கு ஒரு குருத்துதான். விரியாமல் ஈட்டிபோல் நிற்கும் நடு ஓலையை மட்டும் அறுக்க வேண்டும். அடியில் கொண்டை வரை அரிவாளை விட்டால் மரம் பட்டுப்போகும். பனைக்கு வளரும் முனை அது ஒன்றுதான், இன்னொன்று முளைக்காது.

ஒரு பனையோலையில் 60 முதல் 80 இதழ்கள் இருக்கும். ஓரத்தில் உள்ள குட்டை இதழ்கள் கழிந்தால் 40 வரை கையில் பிடிக்கத் தேறும். 400 பேருக்குப் பத்துக் குருத்து கணக்கு, உடைசலுக்கும் சிலுவை பின்னுவதற்கும் சேர்த்து 14 சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலையில் வெட்டுவதுதான் சரி. வெள்ளியன்றே வெட்டி வெயிலில் போட்டால் ஞாயிறு காலை ஓலை சுருண்டு ஒடியும். பிளாஸ்டிக் தாளில் பொதிந்தால் வியர்த்துப் பழுப்பேறும். நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி, நிழலில், சிமெண்டுத் தரையில் படுக்க வையுங்கள். சாக்கை நல்ல தண்ணீரில் நனையுங்கள். உவர்த்தண்ணீரானால் காய்ந்ததும் ஓலையில் வெள்ளைத் திட்டு விழும்.

சிலுவை பின்ன, இதழின் நடு ஈர்க்கைக் கத்தி முனையால் கீறி உரித்துவிடுங்கள். இரண்டு நாடாக்கள் கிடைக்கும். ஒரு நாடா 50 செ.மீ., இன்னொன்று 25 செ.மீ., அகலம் ஒரு விரல். நீள நாடாவை நடுவில் மடித்து இரட்டையாக்குங்கள். மடிப்பு மேலே இருக்கட்டும். குட்டை நாடாவின் இரு முனையையும் உள்பக்கம் மடித்து நடுவில் சந்திக்க விடுங்கள், அதுதான் கை. அதை இரட்டை நாடாவின் நடுவே, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் நுழையுங்கள். இப்போது ஓலையிலிருந்து நூல்போல் கிழித்த நார் ஒன்றால் சந்திப்பின் மேல் குறுக்கும் மறுகுறுக்குமாக இரண்டு சுற்று சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி நீவினால்தான் நேராக நிற்கும். வெடித்தால் ஓலை உலர்ந்துவிட்டது என்று பொருள், ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். முடிச்சைச் சற்று அழுத்தியே கட்டுங்கள், ஒரு வாரத்தில் ஓலை சுருங்கிக் கட்டுத் தளர்ந்துவிடும்.

பவனியைச் சிலுவை நிற்கும் குருசடியிலிருந்தோ மாதா கெபியிலிருந்தோ காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். 8 மணிக்குமேல் மணல் சுடும், வெறுங்காலோடு வரும் பாட்டிமார் ஓரத்தில் ஒதுங்கிவிடுவார்கள்.

வியாழனும் வெள்ளியும்

பெரிய வியாழனுக்கு முக்கியம் அப்பத்தின் எண்ணிக்கை. வெள்ளியன்று திருப்பலி கிடையாது; அன்று வழங்கும் நற்கருணையும் வியாழனன்றே அர்ச்சிக்கப்பட வேண்டும். எனவே இரண்டு நாள் கூட்டத்தையும் கூட்டிப் பாருங்கள். பாதம் கழுவ 12 பேரை முந்தைய ஞாயிறே குறித்துவிடுங்கள். 2016 முதல் பெண்களையும் சேர்க்கத் திருச்சபை வழி செய்திருக்கிறது. கருவாடு காயவைக்கும், வலை பின்னும் பெண்கள் அந்த வரிசையில் உட்காருவது இந்தக் கரைக்கு எவ்வளவு பொருத்தம்! வியாழன் ‘உன்னதங்களிலே’ எனத் தொடங்கும் வானவர் கீதத்தோடு ஆலய மணி அடங்கும். பாஸ்கா இரவு வானவர் கீதம் வரை மணிக்குப் பதில் மரப்பலகைத் தட்டுதான், அதை எடுத்துத் துடைத்து, ஆணி இறுகியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

வெள்ளியன்று கடற்கரைச் சிலுவைப்பாதைக்கு 14 நிலைகளையும் கெட்டித்தரையில் வையுங்கள். ஈர மணலில் ஊன்றிய கம்பம் கூட்டம் நெருங்கும்போது சாயும். மைக் வயரின் முனைகளில் உப்பு படிந்திருக்கும், முந்தின நாளே துடைத்துச் சோதிக்கவும்.

பாஸ்கா திரியும் புதுத்தீயும்

பாஸ்கா இரவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தியான பாஸ்கா திரி ஆண்டுக்கு ஒன்று, புதிதாக, மெழுகில் செய்ததாக இருக்க வேண்டும். வாங்கி வந்ததும் துணியில் சுற்றிப் பலகைமேல் படுக்க வையுங்கள். தகரக் கூரை போட்ட சக்கிறீஸ்தியில் (வழிபாட்டுப் பொருள் வைக்கும் அறையில்) சுவரோரம் சாய்த்து வைத்தால் பங்குனி வெக்கையில் வில்லாக வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முயன்றால் விரிசல் விடும்.

திரியில் கீறும் சிலுவைக்கு மேலே ‘அ’, கீழே ‘ன’: தமிழின் முதல், கடைசி எழுத்துகள். ஆண்டின் முதல் எண் இடது மேல், இரண்டாவது வலது மேல், மூன்றாவது இடது கீழ், நான்காவது வலது கீழ். ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிக்கும் குழிகளைச் சூடான கம்பியால் பகலிலேயே துளைத்து வையுங்கள். இருட்டில் குருவானவர் அழுத்தும்போது மெழுகு பிளக்காது. திரிநூலையும் ஒருமுறை உருகிய மெழுகில் நனைத்து நிமிர்த்திவிடுங்கள்.

புதுத்தீ மூட்டும் தீச்சட்டிக்கு இரண்டு மாதம் காய்ந்த சீமைக்கருவேல் விறகு, பனை மட்டை, ஒரு கூடை சிரட்டை போதும். பச்சை விறகு புகைந்து கூட்டத்தைக் கலைத்துவிடும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அருகில்கூட வரக்கூடாது. நாலு சூடக்கட்டி பற்றவைக்கப் போதுமானது. அரைமணி நேரம் முன்பே மூட்டினால் கங்கு விழுந்திருக்கும். தூபக்கலசத்துக்கும் அந்தச் சிரட்டைக் கங்கே எடுத்துக்கொள்ளலாம்.

இடம் தேர்வதில்தான் காற்று பேசும். தென்கடல் (மன்னார் வளைகுடா) ஊர்களில் மாலையில் எழும் கடற்காற்று சில நாட்கள் இரவும் ஓயாது. ஆலயக் கட்டடத்தின் மறைவில், கீற்றுப் பந்தலிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, அடியில் மணல் பரப்பிச் சட்டியை வையுங்கள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், நனைத்த சாக்கு, நிதானமான ஒரு ஆள். கூட்டம் காற்று வரும் பக்கம் நிற்கட்டும், பொறி எதிர்ப்பக்கம் போகும்.

கடற்கரையிலேயே தீ மூட்டலாமே என்று இளையோர் கேட்பார்கள். வேண்டாம். அது பங்குனி ஆமை என்ற கடலாமை கரையேறும் பருவம். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்தால் குஞ்சுகள் கடலை விட்டு ஊருக்குள் ஊர்ந்து வரும்.

பாஸ்கா இரவின் விழிப்பு வழிபாடு இருட்டியபின்தான் தொடங்க வேண்டும். கதிரவன் ஆறரையை ஒட்டி மறைவதால் ஏழேகாலுக்கு முன் கூடாது. பல பங்குகளில் இரவு 11 மணி. தீயிலிருந்து திரிக்கு நேரடியாக ஏற்றாதீர்கள், காற்றில் நாலு முறை அணையும். நீளமான மெல்லிய திரி ஒன்றில் எடுத்து ஏற்றி, உடனே சிம்னிக் கண்ணாடி மாட்டுங்கள். கண்ணாடி திரியின் விட்டத்துக்குப் பொருந்துகிறதா என்பதைப் பகலில் பார்த்திருக்க வேண்டும்.

பவனியில் மூன்று இடத்தில் நின்று ஒளியை அறிவிப்பார்கள். இரண்டாவது இடத்தில் மக்களின் திரிகள் பற்றும், மூன்றாவது இடம் வரை மின்விளக்குப் போடக் கூடாது. சுவிட்சுக்குப் பொறுப்பாக ஒரே ஒருவரை வையுங்கள். திரி ஏற்றும்போது எரியும் திரி நிமிர்ந்தே இருக்க, எரியாத திரி சாய்ந்து வர வேண்டும் என்று முன்பே அறிவியுங்கள். சேலையில் மெழுகு சொட்டாது. கைக்காப்புக்குக் காகிதத் தட்டில் துளையிட்டு மாட்டலாம், பிளாஸ்டிக் கப் உருகிக் கையில் ஒட்டும்.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைத்தாலும் மூன்றுக்குக் குறையாமல், செங்கடல் கடந்த விடுதலைப் பயண வாசகம் இல்லாமல் இருக்கக் கூடாது. ஊரின் சத்தமான குரலுக்கு அதைக் கொடுங்கள்.

மறுநாள் தரை மெழுகைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி, மிச்சத்தின் மேல் நாளிதழ் விரித்து இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டுங்கள். தீச்சட்டிச் சாம்பலை மறுநாள் மாலை வரை ஆறவிட்டே தோட்டத்தில் புதைக்கவும், உள்ளே கங்கு ஒளிந்திருக்கும். பாஸ்கா திரி தூய ஆவிப் பெருவிழா வரை வாசக மேடையருகே நிற்கும், பிறகு திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் போகும். மின்விசிறிக்கு நேர்கீழே மட்டும் அதை வைக்காதீர்கள், ஒரு பக்கமாக உருகி வழியும்.