"பிறகு அப்பீல் பண்ணுவம்" என்று இருந்துவிடாதீர்கள்: ஒன்ராறியோவில் காணித் திட்ட முறையீடும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

பக்கத்து வளவின் முன்னால் ஒருநாள் நகரசபையின் அறிவித்தல் பலகை முளைக்கும். இருக்கிற வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறார்கள். உயரம் ஸோனிங் (காணியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்ற நகரசபை விதி) விடுவதைவிடக் கூட, பின்முற்றம் குறைவு. இதற்கு விலக்குக் கொடுப்பதா என்று முடிவெடுப்பது நகரசபையின் கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற குழு. பலகையைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் சொல்வது: "கமிட்டி என்னவும் சொல்லட்டும், பிறகு அப்பீல் பண்ணுவம்." 2022 நவம்பர் வரை அது சரியான கதைதான். இன்றைக்கு ஒன்ராறியோவில் அயலவர் விடக்கூடிய மிகப் பெரிய பிழை அதுதான்.

அந்த நவம்பர் 28ஆம் திகதி சட்டமான மாகாணத்தின் பில் 23, மைனர் வேரியன்ஸ் (ஸோனிங்கிலிருந்து கேட்கும் சிறு விலக்கு), காணி பிரிப்பு இரண்டிலும் அயலவரின் மேன்முறையீட்டு உரிமையை எடுத்துவிட்டது. விண்ணப்பித்தவர் போகலாம், நகரசபை போகலாம், அமைச்சர் போகலாம், சட்டம் பெயர் குறிப்பிட்ட சில அமைப்புகள் போகலாம். சுவருக்கு அடுத்த பக்கம் இருக்கும் நீங்கள் போக முடியாது. 2024 ஜூன் 6ஆம் திகதி வந்த பில் 185 இதே கத்தியை ஸோனிங் மாற்றத்துக்கும் ஒஃபிஷல் பிளானுக்கும் (நகரத்தின் நீண்டகாலக் காணித் திட்டம்) நீட்டியது. அங்கே ஒரு சின்னக் கதவு மிச்சம் இருக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் பைலோ (நகரசபைச் சட்டம்) யாருடைய காணிக்குப் பொருந்துகிறதோ அந்தப் பதிவு செய்த உரிமையாளர் முறையிடலாம். அவரும் கவுன்சில் முடிவெடுக்க முன்னமே எழுத்திலோ நேரிலோ கருத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே பக்கத்துக் காணி ஒன்றுக்கு மட்டும் ஸோனிங் மாற்றினால் உங்களுக்கு வழியில்லை. நகரம் முழுவதற்கும் மாற்றினால் உங்கள் காணியும் அதற்குள் வரும், கதவு திறக்கும். ஆனால் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால் அதுவும் போச்சு. வாடகைக்கு இருப்பவருக்கு இந்தக் கதவே கிடையாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளை நம்புவது அடுத்த பிழை. எந்த ஆண்டில் எழுதியது என்று பார்க்காமல் வாசிக்கவே வேண்டாம். 2018 ஏப்ரல் 3 வரை மேன்முறையீட்டைக் கேட்டது ஓ.எம்.பி. என்ற மாகாணத் தீர்ப்பாயம். அப்புறம் அதன் இடத்துக்கு வந்த எல்பாட் என்ற தீர்ப்பாயத்தில், கவுன்சிலின் முடிவு மாகாணக் கொள்கைகளோடும் மேல் திட்டங்களோடும் முரண்படுகிறதா என்றுதான் முக்கியமாகப் பார்த்தார்கள். முரண்பட்டால் மறுபடி கவுன்சிலுக்கே அனுப்பினார்கள். அந்த விதி 17 மாதம்தான் நிலைத்தது, 2019 செப்டம்பர் 3ஆம் திகதி பில் 108 அதைத் திருப்பிவிட்டது. 2021 ஜூன் 1 முதல் எல்பாட் உட்பட ஐந்து தீர்ப்பாயங்கள் ஒன்றாகி ஓ.எல்.டி. (ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயம்) ஆயின. ரொறன்ரோவில் மைனர் வேரியன்ஸும் காணி பிரிப்பும் பொதுவாக அங்கே போவதில்லை, 2017இல் தொடங்கிய டீலாப் என்ற நகரத்தின் சொந்த மேன்முறையீட்டு அமைப்புக்குப் போகும். மார்க்கமிலோ பிரம்டனிலோ இருக்கும் சித்தப்பா சொன்ன வழி ரொறன்ரோவுக்குள் இருக்கும் ஸ்காபரோவுக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

சரி, பேச வேண்டிய இடம் கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் கூட்டம்தான் என்றாகிவிட்டது. அங்கே என்ன பேசுவது? வீட்டு விலை இறங்கும், ஆட்கள் கூடுவார்கள், இருபது வருடமாக இருக்கிறோம் என்று சொல்வதெல்லாம் வீண். கமிட்டி நான்கு கேள்விகளைத்தான் பார்க்கும். ஒஃபிஷல் பிளானின் நோக்கம் காக்கப்படுகிறதா, ஸோனிங்கின் நோக்கம் காக்கப்படுகிறதா, அந்தக் காணிக்கு இது பொருத்தமான கட்டடமா, கேட்கிற விலக்கு உண்மையிலேயே சிறியதா. ஐம்பது கையெழுத்து வைத்த மனுவைவிட, "பைலோ கேட்பது 7.5 மீட்டர் பின்முற்றம், வரைபடத்தில் 5 மீட்டர், மாலை மூன்று மணிக்கு நிழல் என் சமையலறை யன்னலில் விழும்" என்று படத்தோடு வரும் ஒரு பக்கக் கடிதத்துக்குப் பலம் கூட. மைனர் வேரியன்ஸுக்கு அறிவித்தல் 60 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் போகும், கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்தாலே சட்டப்படி போதும். "வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதுவம்" என்று ஒரு கிழமை போக்கினால் முடிந்தது. முடிவின் பிரதி வேண்டும் என்று அப்போதே எழுத்தில் கேட்டும் வையுங்கள்.

கட்டப்போகிறவர்களும் தவறு விடுகிறார்கள். கமிட்டி மறுத்தால் அவர்களுக்கு இருப்பது 20 நாள். மைனர் வேரியன்ஸில் அந்த 20 நாள் முடிவெடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், கடிதம் தபாலில் வந்த நாளிலிருந்து அல்ல. 3ஆம் திகதி புதன்கிழமை மறுத்தார்கள், கடிதம் 12ஆம் திகதி கைக்கு வந்தது என்றால், கடைசி நாள் 23. காணி பிரிப்பில் கணக்கு வேறு, அங்கே முடிவின் அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்கள் ஒரே கலண்டரில் இரண்டையும் குறித்துக் குழம்புவது வழக்கம்.

மறுக்கப்பட்டவர் அப்பீல் போனால், "கமிட்டி எங்கள் பக்கம்தானே, நகரசபை பார்த்துக்கொள்ளும்" என்று அயலவர் இருந்துவிடுவதும் உண்டு. நகரசபை தன் வழக்கறிஞரைத் தானாக அனுப்பாது. ரொறன்ரோவில் அதற்குக் கவுன்சில் தீர்மானம் வேண்டும், அதனால் உங்கள் கவுன்சிலரின் அலுவலகத்தோடு முதல் கிழமையிலேயே பேச வேண்டும். நீங்களே அந்த வழக்கில் தரப்பாகச் சேர விண்ணப்பிக்கலாம், ஏற்பதும் விடுவதும் தீர்ப்பாயத்தின் கையில். ஓ.எல்.டி.யில் வெறும் பங்கேற்பாளராகப் பதிந்தால் எழுத்தில் மட்டுமே சொல்லலாம். சாட்சி கொண்டுவரவோ, எதிர்ப்பக்க நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யவோ விடமாட்டார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல், "நானும் வருகிறேன்" என்று பங்கேற்பாளர் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, விசாரணை நாளில் பேசக் காத்திருந்தவர்கள் உண்டு.