வியாபாரம் மந்தமான நேரத்தில் ஊழியர் பொறுப்புகளை மாற்றி அமைப்பது எப்படி?

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் அறைகள் காலியாகிவிடும். அது வருஷா வருஷம் வருவது. 2020, 2022 போல வருஷமே படுத்துப்போவதும் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பியில் ஆட்களின் பெயரை அல்ல, வேலைகளை எழுதுங்கள். ஸ்டோர் சாவி, காஸ் சிலிண்டர், புக்கிங்குக்குப் பதில், லோன்றி கணக்கு எல்லாம். அப்புறம் பக்கத்தில் பெயரைப் போடுங்கள். ஸ்டோர் சாவிக்கு மூன்று பெயர் வரும், காஸுக்கு ஒருவரும் இருக்கமாட்டார். குழப்பம் அங்கேதான்.

படி 2: பொருந்துவதை மட்டும் சேருங்கள்

வரவேற்பு மேசையும் புக்கிங்கும் ஒருவரே பார்க்கலாம். டிரைவருக்கு ஓட்டம் இல்லாத நாளில் மார்க்கெட் வேலை கொடுக்கலாம். ஆனால் விருந்தினர் வந்திறங்கும் நானுஓயா ஸ்டேஷனுக்கு ரயில் வரும் நேரத்தில் அவர் கையில் வேறு வேலை இருக்கக்கூடாது. காசு வாங்குபவரே கணக்கையும் சரிபார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆள் இல்லையென்றால் முதலாளி உட்கார்ந்து பார்க்கட்டும்.

படி 3: ஒருவருக்கு ஒரு மேலாள்

அறை வேலைப் பையனைச் சமையலுக்கும் போட்டால், சமையல்காரர் லீக்ஸ் வெட்டச் சொல்வார், பாதியில் மெனேஜர் நாலாம் அறைக்குக் கூப்பிடுவார். கடைசியில் இரண்டுமே அரைகுறை, ஏச்சு பையனுக்கு. பதினொரு மணிவரை மெனேஜரிடம், அதன் பிறகு சமையல்காரரிடம் என்று நேரம் பிரித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 4: ஆளைக் குறைக்குமுன் நேரத்தைக் குறையுங்கள்

முதலில் ஓவர்டைம், பிறகு சுழற்சி லீவு. சம்பளம் குறைவதாயிருந்தால் ஊழியரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு சரிவராது. எதுவரைக்கும் என்ற திகதியும் அதில் இருக்கவேண்டும்.

பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடமென்றால் இன்னும் கவனம் தேவை. இலங்கையின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். தற்காலிகமாக நிறுத்துவதும் இதில் அடங்கும்.

மந்தம் என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியில் கை வைக்கக்கூடாது. ஊழியரின் 8 சதவீதம், உங்களுடைய 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் கட்டும் 3 சதவீதம், இவை கொடுக்கும் சம்பளத்துக்கு ஏற்ப அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும்.