சென்னைப் பள்ளிக்கரணைப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு, சித்திரை வெயிலில் போய் மனை பார்ப்பது. அப்போது வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாமே காய்ந்து கிடக்கும், புரோக்கர் "இங்க தண்ணியே நிக்காது சார்" என்றால் நம்பத்தான் தோன்றும். நவம்பர் கடைசியில், நல்ல மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள். முடியாதென்றால் தெருமுனை மளிகைக்கடையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். பழைய காம்பவுண்டுச் சுவரில் கறை இருக்கும். அதற்கு மேல் பெயின்ட் அடித்திருந்தால் ஈபி மீட்டரைப் பாருங்கள். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் ரீடிங் தெரியும் என்றால், யாரோ ஒரு மழைக்குப் பிறகு அதை மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

பட்டா இருக்கு, அப்ரூவல் இருக்கு, பேங்க் லோனும் கொடுத்துட்டான், அப்புறம் என்ன? இது அடுத்த தவறு. தண்ணீர் எந்த வழியாக வரும் என்பதெல்லாம் பட்டாவில் இருக்காது. புல வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுத்து, பக்கத்து சர்வே எண்களில் ஓடை, வாய்க்கால், ஏரி, கழுவெளி (சதுப்புநிலம்) என்று ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். தென்சென்னையில் முப்பது ஏரிகளுக்கு மேல் நிரம்பி, ஒன்றின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) தாண்டி இன்னொன்றுக்குப் போய், கடைசியில் அத்தனை உபரிநீரும் பள்ளிக்கரணைக் கழுவெளிக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்கிற வடிகால், பக்கிங்காம் கால்வாய், தெற்கே கோவளம் முகத்துவாரம், அப்புறம் கடல். 2022இல் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். பழைய கழுவெளி இதைப்போலப் பல மடங்கு. பறிபோன இடத்திலெல்லாம் பெருங்குடிக் குப்பைமேடும் சாலைகளும் அடுக்குமாடிகளும்தான். மழை நின்று மூன்று நாளாகியும் தெருவில் தண்ணீர் வடியவில்லை என்றால், மேலே இருந்து வருவது இன்னும் நிற்கவில்லை, கீழே வாய் குறுகல், கடல் ஏற்றமாக இருந்தால் அதுவும் இழுக்காது.

மண்ணடிப்பதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் மூன்றடி ஏற்றுவீர்கள், அடுத்த மனைக்காரர் நாலடி, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போடுவார்கள், இருபது வருஷத்துக்கு முந்தைய வீடு குழிக்குள் போய்விடும். அந்த வீட்டுக்குப் போன தண்ணீர் உங்கள் மனையில் நின்றிருக்க வேண்டியது. தூண் மேல் கட்டி, கீழே வெறுமனே விடுங்கள், முற்றத்தில் முழுக்க சிமென்ட் பூசாதீர்கள். அப்படிக் கட்டிவிட்டு லிப்ட் பேனலையும் ஜெனரேட்டரையும் கீழேயே வைக்கிற அபார்ட்மென்ட்கள் எத்தனை!

கழுவெளியை ஏரி மாதிரி "அழகுபடுத்த" கிளம்புவது நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறு. ஆழமாகத் தோண்டி, சுற்றிக் கரை எழுப்பி, நடைபாதை போட்டால், பரவலாக வழிந்து உள்ளே வரவேண்டிய நீரைக் கரையே மறித்துவிடும். பூநாரையும் உள்ளானும் நின்று மேய ஆழமில்லாத தண்ணீர் வேண்டும், அதுவும் போய்விடும்.

சரி, தண்ணீர் வந்தேவிட்டது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைக் கிண்டல் செய்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் விவரமானவர்கள். சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை விடுகிறவர்தான் தப்பு செய்கிறார். வேகமாக ஓடுகிற ஓரடித் தண்ணீர் போதும், சின்னக் கார் மிதக்க. வாசல்படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள், தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள். அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் செய்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்டது விநாடிக்கு 29,000 கனஅடி வரை போனது, ஊர் தூங்குகிற நேரத்தில். 24 அடி கொள்ளும் அந்த ஏரி 22 அடியைத் தாண்டி மழையும் விடவில்லை என்றால், இருட்டும் முன்பே பெரியவர்களையும் மருந்துச் சீட்டையும் கூட்டிக்கொண்டு மேடான பக்கம் போய்விடுங்கள். திரும்பி வந்ததும் சம்ப்பை முழுக்க இறைத்துக் கழுவி, பிளீச்சிங் போட்ட பிறகுதான் மோட்டார்.