அருவி வெட்டிய வயலில் தாரா மேய்க்கும் முறை

யாழ்ப்பாணத்து நெல் மழையை நம்பிய ஒரு போகம். தை, மாசியில் அருவி வெட்டு (நெல் அறுவடை) முடிந்ததும் தென்மராட்சி வயல்களிலும் வழுக்கையாற்றுப் பக்கமும் கொட்டுண்ட நெல், நத்தை, தவளை என்று தாராவுக்கு (வாத்துக்கு) வேண்டியதெல்லாம் கிடக்கும். ஈரம் காயும் வரைதான் அந்த மேய்ச்சல். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் புரட்டாதி தொடக்கத்திலேயே அடை வைக்க வேண்டும். தை பிறக்கையில் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய மூன்று மாதமாகியிருக்கும்.

வீட்டுத் தாராக்களில் பல ஒழுங்காக அடை கிடவா. ஊர்க்கோழியின் கீழ் 8 தொடக்கம் 10 முட்டை வையுங்கள். பொரிக்க 28 நாள், மஸ்கோவி இனத் தாராவுக்கு 35. தாய்த்தாரா நனைந்த இறகோடு வந்து படுக்கும், கோழியோ காய்ந்த உடம்போடு வரும். அதனால் பத்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு தரம் வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் முட்டைகள் மேல் தெளியுங்கள். இதை விட்டால் கோதுக்கு உட்புறச் சவ்வு காய்ந்து இறுகி, வளர்ந்த குஞ்சு உள்ளேயே சாகும்.

கோழி பொரித்த குஞ்சின் தூவியில் தாயின் எண்ணெய்ப் பசை ஒட்டாது. நான்கு கிழமைக்கு மழையிலும் குளத்திலும் விடாதீர்கள், நனைந்தால் விறைத்துவிடும். தண்ணீர்ச் சட்டி மூக்குத் துவாரத்தைக் கழுவுமளவு ஆழமாக இருக்கட்டும், உள்ளே கல்லைப் போட்டால் குஞ்சு இறங்காது. கோழிக்குஞ்சுத் தீனி மட்டும் கொடுத்தால் நயசின் போதாமல் கால் வளையும். நயசின் உள்ள விற்றமின் பி கலவையைத் தண்ணீரில் சேருங்கள்.

மேய்ச்சலுக்குக் காலை எட்டரைக்கு முன் கூட்டைத் திறக்க வேண்டாம். தாரா பெரும்பாலும் விடியப்புறம்தான் முட்டையிடும். அவசரப்பட்டால் முட்டை வரம்போரத்தில் கிடக்கும், கீரிக்குப் போகும்.

ஒருவருக்கு 20 தாரா அளவு. கையில் ஆறடி நீளப் பூவரசந்தடி இரண்டு, மந்தைக்குப் பத்தடி பின்னால் நடை. இடப்பக்கம் திருப்ப வலத் தடியை நீட்டினால் போதும். ஓட்டாதீர்கள்! தாராவின் கால் மெலிந்தது. வரம்பில் துரத்தினால் நொண்டும், முட்டைக் காலமென்றால் முட்டையும் நிற்கும். பிடிக்கும்போதும் காலைத் தொடாமல், கழுத்தின் அடியைப் பிடித்து, மறு கையால் உடம்பைத் தாங்குங்கள். வரம்பு தாண்டும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், எண்ண அதுவே நல்ல இடம்.

மருந்தடித்த வெங்காயத் தறை, புகையிலைத் தோட்டம் பக்கம் விடவே கூடாது. பங்குனிக்குப் பின் வற்றும் குளத்தில் மீன் செத்து அழுகினால் அந்த நஞ்சு தாராவின் கழுத்தைத் துவளவைக்கும். அப்படிக் கண்டால் உடனே மந்தையை அகற்றி, நல்ல தண்ணீர் கொடுத்து, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை ஒரு பிடிகூடப் போடாதீர்கள். கோழி தாங்கும் அளவைத் தாரா தாங்காது, ஈரல் கெட்டுவிடும்.

பின்னேரம் கூட்டுக்குள்தான் தீனி: ஒரு தாராவுக்கு 50 கிராம் அளவில் தவிடும் குறுணலும் குழைத்து, முட்டையிடுபவைக்குச் சிப்பித்தூளும் சேர்த்து வையுங்கள். ஒரு கிழமை தவறாமல் வைத்தால் பொழுது சாயமுன்னரே தாராக்கள் தாமாகப் படலைக்கு வந்து நிற்கும்.